பக்கத்து இருக்கையில் யாரோ: தீம் பார்க்குகளின் ‘சிங்கிள் ரைடர்’ வரிசை, ஒரு மதிப்பீடு

தீம் பார்க்குக்குப் போனால் நாங்கள் எப்போதும் மூன்று பேராகவே போவோம்: நான், என் அக்கா, அக்காவின் மகன். பெரும்பாலான ரைடுகளில் இருக்கைகள் இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ அமைந்திருப்பதால், மூன்று என்ற எண்ணிக்கை ஏறுமேடையிலேயே சிக்கலாகிவிடும். அக்காவும் பையனும் சேர்ந்து உட்கார, நான் அடுத்த வரிசைக்குத் தள்ளப்படுவேன். என் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்காருவார், அல்லது யாரும் வராமல் அந்த இடம் காலியாகவே ஓடும். இப்படிப் பல வருடங்கள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பழகிய பிறகுதான், அந்த ஒற்றை ஆளுக்கென்றே தனி வரிசை வைத்திருக்கும் பூங்காக்கள் உண்டு என்பது தெரியவந்தது. ‘சிங்கிள் ரைடர்’ என்று பலகை மாட்டியிருக்கும் அந்த வரிசையில் இதுவரை நான்கு பூங்காக்களில் நின்றிருக்கிறேன். அந்த வசதியைப் பற்றியும், அதன் மறுபக்கமான, அறிமுகமில்லாதவரோடு ஓர் இருக்கையைப் பகிர்ந்துகொள்ளும் அனுபவத்தைப் பற்றியும் எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

ஏற்பாடு எளிமையானது. பொது வரிசையில் வருபவர்களைக் குழுக்குழுவாக ஏற்றிக்கொண்டே வருகிறார்கள். நான்கு இருக்கைகள் உள்ள ஒரு வரிசையில் மூன்று பேர் கொண்ட குடும்பம் உட்கார்ந்தால் ஓர் இடம் மிஞ்சும்; தனி வரிசையில் காத்திருப்பவர்களில் முதலில் நிற்பவரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்காரவைக்கிறார்கள். உடன் வந்தவர்களோடு சேர்ந்து உட்காருவதை நாம் விட்டுக்கொடுக்கிறோம். அதற்கு ஈடாக நமக்கு நேரம் மிச்சமாகிறது. பூங்காவுக்கும் இதில் லாபம் உண்டு. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி புறப்படும் ரைடில் மணிக்கு 40 வண்டிகள் போகும். வண்டிக்கு 2 இடங்கள் காலியாகப் போனாலே ஒரு மணி நேரத்தில் 80 பேர் ஏறியிருக்க வேண்டிய இடம் வீணாகிவிடும். இன்னொரு விஷயமும் உண்டு. ஆட்கள் நிறைந்த ரோலர் கோஸ்டர் வண்டி, காலியான வண்டியைவிடச் சற்று வேகமாக ஓடும். எடை கூடும் அளவுக்குக் காற்றின் எதிர்ப்பு கூடுவதில்லை என்பதே அதற்குக் காரணம். ஆகவே பக்கத்து இருக்கைக்காரர் நம் பயணத்துக்குக் கொஞ்சம் வேகத்தையும் கொண்டுவருகிறார் என்று எண்ணிக்கொண்டால், முழங்கை உரசுவது அவ்வளவாகத் தொந்தரவாகத் தோன்றாது.

அறிமுகமில்லாதவரோடு உட்காருவது புதிதாக வந்த பழக்கமும் அல்ல. 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லமார்க்கஸ் தாம்சன் திறந்த, ரோலர் கோஸ்டரின் முன்னோடியான ஸ்விட்ச்பேக் ரயிலில், பயணிகள் நீளமான பெஞ்சில் பக்கவாட்டாகத் திரும்பித் தோளோடு தோள் உட்கார்ந்துதான் போனார்கள். அதன் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதான் என்பதால் யாரும் யார் மேலும் சாய்ந்து விழவேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஃபெரிஸ் நிறுவிய ராட்சத ராட்டினத்தில் 36 பெட்டிகள் இருந்தன. ஒரு பெட்டியில் 60 பேர் ஏறலாம். அறுபது பேரில் நமக்குத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? குடும்பத்தோடு மட்டுமே உட்கார வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, இருக்கைகள் சிறிதாகிச் சிறிதாகி இரண்டு பேர் அளவுக்கு வந்த பிறகு உண்டானதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நேரம் மிச்சமாகும் என்று சொன்னேன். ஆனால் அதை நம்பி மட்டும் இந்த வரிசைக்குள் நுழையக் கூடாது. பொது வரிசை ஒரு மணி நேரம் நீண்டிருந்த ஒரு நாளில் நான் பன்னிரண்டு நிமிடத்தில் ஏறியிருக்கிறேன். அதே பூங்காவில், அதே ரைடில், மறுநாள் பிற்பகல் முக்கால் மணி நேரம் நின்றேன். என் அக்கா பொது வரிசையில் எனக்கு முன்பே ஏறி இறங்கிவிட்டு, வெளியே நின்று கையசைத்தார். காரணம், எத்தனை இடம் மிஞ்சும் என்பது பொது வரிசையில் வரும் குழுக்களின் அளவைப் பொறுத்தது. அன்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல இரண்டு பேராகவும் நான்கு பேராகவும் வந்திருந்தார்கள். இதனால்தான் மூன்று மூன்றாக இருக்கை உள்ள ரைடுகளில் இந்த வரிசை விறுவிறுவென்று நகர்கிறது: வரும் ஒவ்வொரு ஜோடியும் ஓர் இடத்தை மிச்சம் வைத்துவிட்டுப் போகும். கலிபோர்னியாவில் 2012-இல் திறக்கப்பட்ட ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ் அப்படிப்பட்டது. ஒரு காரில் மூன்று மூன்றாக இரண்டு வரிசைகள், மொத்தம் ஆறு பேர். வரிசையில் நிற்பதற்கு முன் வண்டியின் இருக்கை அமைப்பை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வது, நுழைவாயிலில் எழுதிப் போட்டிருக்கும் காத்திருப்பு நேரத்தை நம்புவதைவிடப் பயனுள்ளது.

இதில் நாம் இழப்பவையும் உண்டு. இதைப் பூங்காக்கள் பலகையில் தெளிவாக எழுதிவைப்பதில்லை. பெரிய ரைடுகளில் காத்திருக்கும் பாதையே ஒரு காட்சியாக அமைக்கப்பட்டிருக்கும். 2010-இல் ஒர்லாண்டோவின் யுனிவர்சலில் திறந்த ஹாரி பாட்டர் கோட்டை ரைடில், தனி வரிசையில் போகிறவர் கோட்டையின் உட்புற அறைகளில் பெரும்பாலானவற்றைப் பார்க்காமலே ஏறுமேடைக்கு வந்துவிடுவார். டிஸ்னியின் ‘மில்லேனியம் ஃபால்கன்’ விண்கல ரைடில் ஆறு பேருக்கு மூன்று வேலைகள்: முன்னால் இரண்டு விமானிகள், நடுவில் சுடுபவர்கள் இரண்டு பேர், கடைசியில் பொறியாளர்கள் இரண்டு பேர். தனியாக வருபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கடைசி வேலைதான். விண்கலத்தை ஓட்டும் ஆசையோடு போகிறவர் பொது வரிசையில் நிற்பதே நல்லது. முதல் முறை போகும் ரைடு என்றால் பொது வரிசை, இரண்டாவது முறை என்றால் தனி வரிசை என்பதே நான் வைத்திருக்கும் வழக்கம்.

இனி ஏறுமேடை. இந்த வசதியின் தரம் முழுவதும் அங்கே நிற்கும் ஊழியரின் கையில் இருக்கிறது என்றே சொல்வேன். நல்ல ஊழியர் வண்டி வருவதற்கு முன்பே கணக்கை முடித்துவிடுவார். ஒரு பூங்காவில் ஓர் இளம்பெண் இரு கைகளாலும் வேலை செய்துகொண்டிருந்தார்: இடக்கை விரல்கள் பொது வரிசையில் வருபவர்களை எண்ண, வலக்கைச் சுட்டுவிரல் தனி வரிசைப் பக்கம் நீண்டு, “ஒருவர், ஆறாவது வரிசை” என்று கூப்பிட்டுவிடும். நான் ஆறாவது கதவின் முன் நிற்கும்போது, ஏற்கெனவே அங்கே நின்றிருந்த பெரியவரிடம், “இவர் உங்களோடு வருகிறார், பரவாயில்லையா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு இரண்டு வினாடிதான் ஆகும். ஆனால் அந்த இரண்டு வினாடியில், அவருடைய இடத்துக்குள் நுழைந்துவிட்டேனோ என்ற என் கூச்சமும், தம் பக்கத்தில் யாரைக் கொண்டுவந்து தள்ளினார்களோ என்ற அவருடைய சங்கடமும் போய்விட்டன.

அந்தப் பெரியவருக்கு எழுபது வயது இருக்கலாம். உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, சட்டைக்குள் போட்டு மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். எதுவும் பேசாமல் என் கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டி, அதையும் கழற்றச் சொல்லிச் சைகை செய்தார். மடியின் மேல் இறங்கும் கம்பி எங்கள் இருவருக்கும் தனித்தனியாக இருந்தது. அவரவர் உடம்புக்குத் தக்கபடி அது ‘டிக் டிக்’ என்று இறங்கி நின்றது. சங்கிலி வண்டியை மேலே இழுத்துக்கொண்டு போகும்போது, இது பன்னிரண்டாவது முறை என்றார். எனக்கு முதல் முறை என்றேன். “இறங்கும்போது தலையைப் பின்னால் சாய்த்து வைத்துக்கொள், கழுத்து வலிக்காது” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். தெரிந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஏற்றம் முழுவதும் நான் புலம்பிக்கொண்டே வந்திருப்பேன்; முன்பின் தெரியாதவர் என்பதால் வாயை மூடிக்கொண்டு, அவர் சொன்னபடி தலையைச் சாய்த்து வைத்தேன். கழுத்து வலிக்கவில்லை.

நான் இதுவரை சொன்ன நல்லவை எல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. ஒவ்வொருவருக்கும் தனி இருக்கையும் தனித் தடுப்பும் உள்ள ரைடுகளில், பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. நான்கு பேர் ஒரே வரிசையில் உட்கார, ஒவ்வொருவர் தோள் மீதும் தனியாகத் தடுப்பு இறங்கும் பெரிய கோஸ்டர்கள் இவ்வகை. ஆனால் இருக்கையே பொதுவானதாக, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்கும் ரைடுகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ‘காலியிடத்தை நிரப்புவது’ என்ற ஒரே கணக்கைப் போடுவது தவறு என்பதுதான் என் முக்கியமான குறை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். பழைய கோஸ்டர் ஒன்றில் என்னை நல்ல வாட்டசாட்டமான ஒருவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பி. அது அவருடைய தொடையைத் தொட்டதும் நின்றுவிட்டது. என் மடிக்கும் கம்பிக்கும் நடுவே என் இரண்டு கைகளும் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. ஊழியர் வந்து கம்பியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பூட்டிக்கொண்டதா என்பதே அவருக்குத் தேவையாக இருந்தது, யார் மடியில் பூட்டிக்கொண்டது என்பது தேவையாக இருக்கவில்லை. முதல் மேட்டின் உச்சியைத் தாண்டியதும் நான் இருக்கையிலிருந்து ஒரு சாண் எழும்பி, கம்பியில் மோதிக் கீழே விழுந்தேன். அடுத்த திருப்பத்தில் அவர் மேல் போய் ஒட்டிக்கொண்டேன். பாவம், அவர் இறங்கும் வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் செய்த தவறு ஒன்றும் இல்லை. ஒரே உடல்வாகு உள்ள இரண்டு பேரை அந்தக் கம்பிக்குக் கீழே உட்காரவைத்திருக்க வேண்டியது ஏற்றிவிட்டவரின் பொறுப்பு.

சுற்றும் ரைடுகளில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. வண்டி வட்டமாகச் சுழலும்போது உள்ளிருப்பவர்கள் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுவார்கள். உள்பக்கம் உட்கார்ந்தவர் வழுக்கிக்கொண்டே வந்து வெளிப்பக்கத்தவர் மேல் முழு எடையோடு சாய்ந்துவிடுவார். அதனால்தான் எடை கூடியவர் வெளிப்பக்கமும் சிறியவர் உள்பக்கமும் உட்கார வேண்டும் என்று இவ்வகை ரைடுகளில் சொல்வார்கள். அண்ணன் தம்பி, கணவன் மனைவி என்றால் அது சிரிப்பான அனுபவம். குழந்தைகள் அதற்காகவே ஏறுகிறார்கள். தெரியாத இருவரை மூன்று நிமிடம் அப்படி அழுத்திவைப்பது அவர்கள் இருவருக்குமே தண்டனை. இந்த வகை ரைடுகளில் ஓர் இடம் காலியாகப் போனால் போகட்டும் என்று விடுவதே முறை.

மரக்கட்டை வடிவப் படகில் தண்ணீருக்குள் இறங்கும் ரைடைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். 1963-இல் டெக்சாஸின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் ஆரோ நிறுவனம் இதை முதலில் அமைத்த காலத்திலிருந்து, பல படகுகளில் இருக்கை என்று தனியாக எதுவும் கிடையாது. நீண்ட திண்டின் மேல் இரு பக்கமும் காலைப் போட்டு, ஒருவர் பின் ஒருவராக, பின்னால் இருப்பவரின் கால்களுக்கு நடுவே முன்னால் இருப்பவர் உட்கார வேண்டும். டிஸ்னிலேண்டில் 1959-இல் திறந்த மேட்டர்ஹார்ன் கோஸ்டரின் பனிச்சறுக்கு வடிவ வண்டிகளும் பல காலம் இப்படித்தான் ஓடின. 2012-இல் ஒவ்வொருவருக்கும் தனி இருக்கை உள்ள வண்டிகளாக அவற்றை மாற்றினார்கள். அந்த மாற்றத்தால் கால் நீட்ட இடம் குறைந்துபோயிற்று என்று குறைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தனி இருக்கை வந்த பிறகு, அங்கே தெரியாத ஒருவரை உட்காரவைப்பதில் யாருக்கும் கூச்சம் இருக்க வேண்டியதில்லை.

பெண்கள் தனியாகப் போகும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பக்கத்தில் உட்கார்ந்தவரின் தோளோ தொடையோ உரசுவது ரைடின் இயல்பு என்றாலும், எது ரைடின் வேலை, எது ஆளின் வேலை என்பது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஒருமுறை, ஏறுமேடையில் எனக்கு முன்னால் நின்ற பெண், தனக்குக் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் போகிறேன் என்று சொன்னார். ஊழியர் ஏன் என்று கேட்கவில்லை; தலையசைத்து, அவரைச் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் இருந்த என்னை அந்த இடத்துக்கு அனுப்பினார். அடுத்த வண்டியில் முதல் ஆளாக அந்தப் பெண்ணை ஏற்றியதையும் போகிற போக்கில் பார்த்தேன். வேறொரு பூங்காவில் இதையே நான் கேட்டபோது, தனி வரிசையில் வந்தால் கொடுத்த இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார்கள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டுமே விதிப்படி நடந்தவையாகவே இருக்கலாம். இரண்டாவது பூங்காவுக்கு நான் மறுபடி போகவில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரை, டிஸ்னி பூங்காக்களில் ஏழு வயது நிரம்பாதவர் இந்த வரிசையில் போக முடியாது. பதினான்கு வயதாவது ஆன ஒருவர் அவர்களுடன் ஏற வேண்டும். உயர வரம்பு வழக்கம்போல் தனி. அக்காவின் மகனுக்குப் பதினொரு வயது. “சித்தி, நான் மட்டும் அந்த லைன்ல போகட்டுமா?” என்று அவன் முதல் முறை கேட்டபோது அக்கா என்னை முறைத்தார். நான் அவனுக்குச் சொன்னவை மூன்றுதான்: பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வணக்கம் சொல், கம்பி உன் மடியில் படுகிறதா என்று நீயே பார், இறங்கியதும் வெளிவாசலில் நில். வெளியே வந்தவன், பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் வண்டி இறங்கும் போதெல்லாம் தன் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் கத்தினானா என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.

வட்டத் தெப்பத்தில் ஆற்று வெள்ளம்போல் சுழன்று போகும் ரைடு, தெரியாதவர்களோடு போவதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. 1980-இல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோவேர்ல்ட் பூங்காவில் இது முதலில் வந்தது. எல்லோரும் நடுப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும். அருவி யார் தலையில் கொட்டப்போகிறது என்பது தெப்பம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நனைந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசியில் நனையாதவர் ஒருவர் மிஞ்சினால் அவர் மேல் எல்லோருக்கும் சேர்ந்து கோபம் வருகிறது.

இந்த வசதியைக் கெடுப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு பேராக வந்து தனி வரிசையில் நுழைந்து, ஏறுமேடைக்கு வந்ததும் “நாங்க எல்லாம் ஒண்ணா வந்தோம், சேத்து உக்கார வையுங்க” என்று ஊழியரிடம் கெஞ்சுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் பின்னால் வரும் எல்லோரும் கேட்பார்கள். அதனால் வரிசை தேங்குகிறது, ஊழியரின் முகமும் மாறுகிறது. கூட்டம் எல்லை மீறினால் பூங்காவே தனி வரிசையை அந்த நாளுக்கு மூடிவிடும். வெகு தூரத்திலிருந்து நடந்து வந்து, குறுக்கே கட்டிய சங்கிலியைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு.

ரைடின் நடுவே கேமரா எடுக்கும் படத்தை வெளிவாசலில் காட்டி விற்பார்கள். அந்தப் பெரியவரோடு போன ரைடில் எங்கள் படமும் திரையில் வந்தது. அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, தூங்குகிறவர்போல் அமைதியாக இருக்கிறார். நான் வாயை அகலத் திறந்துகொண்டு அவருடைய சட்டைக் கையை இறுகப் பிடித்திருக்கிறேன். எப்போது பிடித்தேன் என்று எனக்கு நினைவே இல்லை. அவர் கைக்குட்டையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தம் சட்டைக் கையில் இருந்த சுருக்கத்தைத் தடவிவிட்டுக்கொண்டு, பதின்மூன்றாவது முறைக்காகத் தனி வரிசைப் பக்கம் நடந்தார்.